கேள்விக்குறி போடாத தலைப்பு

கேள்வி: பிட்கொயின் என்ற இணையப் பணத்தை உருவாக்கி, சட்டோஷி நகமோட்டோ என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பவரை உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் தேடியும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? நீங்களும் பத்திரிகைக்காரர்தானே!
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: குத்திக் கேட்டுவிட்டீர்கள். சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சில் ஓர் இரவு, கொழும்பில் நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுப் பக்கம் என் கையில். அமெரிக்கச் சஞ்சிகை நியூஸ்வீக் அவரைக் கண்டுபிடித்துவிட்டதாம். கலிபோர்னியாவில் வசிக்கும் 64 வயதுக்காரர். பெற்றோர் வைத்த பெயரே சட்டோஷி நகமோட்டோ. பக்கம் அச்சுக்குப் போகிற நேரம். 'சிக்கினார் பிட்கொயின் பிரம்மா' என்று மூன்று கொலத்துக்குத் தலைப்பிட்டேன். கேள்விக்குறி போடவில்லை.

விடிந்து பார்த்தால், மனிதர் தான் அவர் இல்லவே இல்லை என்கிறார். வாசலில் மொய்த்த நிருபர்களிடம், முதலில் மதியச் சாப்பாடு வாங்கித் தாருங்கள் என்று கேட்டு, அசோசியேட்டட் பிரஸ்காரரின் காரில் ஏறியிருக்கிறார். மற்றவர்கள் லொஸ் ஏஞ்சலஸ் வரை துரத்தியிருக்கிறார்கள். மறுப்பை நான் ஒற்றைக் கொலத்தில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் போட்டேன்.

வெள்ளவத்தைச் சந்தையில் 'சிவா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை தலை திரும்பும்! அதிலும் ஒளிந்திருக்க நினைப்பவர் சொந்தப் பெயரிலா எழுதுவார்? அந்த இரவில் இது எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் 2016இல் கிரெய்க் ரைட் என்ற அவுஸ்திரேலியர், நான்தான் சட்டோஷி என்று கிளம்பினார். 2024இல் லண்டன் உயர் நீதிமன்றம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்.பி.ஓ.வின் ஆவணப்படம் பீட்டர் டொட் என்ற பிட்கொயின் மென்பொருள்காரரைக் கைகாட்ட, அவரும் மறுத்தார்.

முகம் தேடி அலைந்த நாங்கள், பிட்கொயின் எப்படி இயங்கும் என்று 2008இல் சட்டோஷி வெளியிட்ட ஒன்பது பக்கக் கட்டுரையைப் புரட்டக்கூட இல்லை. இத்தனைக்கும் ஆள் பேப்பர் பார்க்கிறவர். பிட்கொயினின் முதல் தொகுதிக்குள், அதாவது அதன் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் மாதிரியான இடத்தில், அவர் பொதிந்து வைத்தது, 2009 ஜனவரி 3ஆம் திகதி லண்டன் டைம்ஸின் தலைப்பு: வங்கிகளை இரண்டாம் தடவை கைதூக்கிவிடும் நிலையில் நிதியமைச்சர் என்று. அந்தத் தலைப்பை எழுதிய உதவி ஆசிரியர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கேள்வி: அப்படியானால் பிட்கொயின் வாங்கலாமா, வேண்டாமா?
– ஓர் இளைஞர், கொட்டாஞ்சேனை

பதில்: இது சட்டபூர்வ நாணயமல்ல என்று மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது, தம்பி. மற்றபடி, தலைப்பிலேயே ஏமாந்தவனிடம் முதலீடு கேட்கிறீர்களே!