ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான் தெரிகிறது. பூங்காவில் போய் உட்கார்ந்தால் மனச்சோர்வு உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஆனால் "மாத்திரையெல்லாம் எதற்கு, காலையில் பூங்காவில் நட, எல்லாம் சரியாகிவிடும்" என்று உங்கள் வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த அர்த்தத்தில் இல்லை. எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் வேலையில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டேன். மறுநாளே திருத்தியாயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை. என் தலைக்குள் மட்டும் அது முடியவில்லை. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வரும், அந்த ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடும். சாப்பாடு இறங்கவில்லை. குளிக்க எழுந்திருப்பதே பெரிய பாடாகிவிட்டது. மனநல மருத்துவர் மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றும் சொன்னார்.

அந்தச் சில வாரங்களில்தான் பெரியப்பா வந்து, "மனசை நீதான் திடப்படுத்திக்கணும், நாலு சுத்து நடந்துட்டு வா" என்றார். அக்கறையில் சொன்னதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடந்தும் சரியாகாவிட்டால் அதுவும் என் குற்றமாகிவிடுமே என்று எனக்குப் பயம். அதனாலேயே பூங்காப் பக்கம் போகாமல் இருந்தேன்.

ஒருநாள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கால் ஓய்ந்துபோய், வழியில் இருந்த பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய மரம். பட்டையின் வெடிப்பு வழியாக எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எதிரெதிரே வரும் இரண்டு நின்று, மீசையால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகும். ஒரு எறும்பு, செத்துப்போன ஏதோ பூச்சியின் இறக்கையை இழுத்துக்கொண்டு ஏறியது. காற்றடித்தால் இறக்கை பாய்போல் நிமிர்ந்துகொள்ளும். எறும்பு பட்டையைக் கவ்வியபடி அப்படியே நிற்கும், காற்று அடங்கியதும் மறுபடி ஏறும். கிளை பிரியும் இடத்தில் அது மறைகிறவரை பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, இவ்வளவு நேரமும் அந்தக் கணக்கு நினைவுக்கே வரவில்லை. 20 நிமிடம் போயிருந்தது. பல வாரங்களில் எனக்குக் கிடைத்த முதல் 20 நிமிடம் அது.

ஒருத்தருடைய அனுபவம் ஆதாரமாகுமா என்று யாராவது கேட்பார்கள், நியாயம்தான். அதனால் அப்புறம் தேடிப் படித்ததையும் சொல்கிறேன். மனதைக் கட்டிப்போட்டு ஒரு வேலையில் நிறுத்தும் கவனம் களைத்துப்போகும், இலையசைவு, மேகம் மாதிரி தானாகக் கண்ணை இழுப்பவை அதற்கு ஓய்வு கொடுக்கின்றன என்பது ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற உளவியலாளர்களின் கருத்து. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 38 பேர் 90 நிமிடம் நடந்தார்கள், சிலர் புல்வெளியில், சிலர் வாகனம் ஓடும் சாலையோரம். ஒரே நினைப்பைப் போட்டு அரைக்கும் பழக்கம் புல்வெளியில் நடந்தவர்களுக்குக் குறைந்தது, அதோடு சேர்ந்த மூளைப் பகுதியின் இயக்கமும் தணிந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் எனக்கு நடந்தது அதுவேதான்.

உங்கள் சுவருக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது என்று ரோஜர் உல்ரிச் 1984-இல் எழுதினார். அதனால் அந்தச் சுவர் உங்களைப் படுத்துவது வெறும் கற்பனை இல்லை. ஆனால் கவனியுங்கள், அங்கே யாரும் மரத்தைக் காட்டிவிட்டு அறுவையை நிறுத்தவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போது விடுப்புக் கடிதத்தில் "மனச்சோர்வு" என்று எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி படித்துவிட்டு, "காய்ச்சல்னு மாத்தி எழுதிக் கொடுங்க, பின்னாடி உங்களுக்குத்தான் பிரச்சினை" என்றார். மாற்றி எழுதினேன். கால் உடைந்தவனைக் காய்ச்சல் என்று எழுதச் சொல்வார்களா? இன்றும் அது ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா மாதிரி பசுமையான இடத்தில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் வெளியிட்டது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் அதில் உண்டு. அதை இலக்காக வைத்து உங்களை வதைக்காதீர்கள். அதே ஆய்வில், ஒரே தடவையில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை என்றும் இருக்கிறது. முதல் நாள் போய் 10 நிமிடம் உட்கார்ந்தால் போதும். நடக்கக்கூட வேண்டாம். போனைப் பையிலேயே வையுங்கள். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், வீட்டில் யார் சொன்னாலும்.

நான் நிறுத்தியது 11 மாதம் கழித்து, மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. அந்த பெஞ்சுக்கு இப்போதும் போகிறேன். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன்.