பினாங்கில் இருக்கிறேன், வாட்டர்கலரும் மைப்பேனாவும் வைத்துச் சித்திரம் வரையப் பழகப் போகிறேன். முதலில் எதில் காசு போடுவது?

தாளில் போடுங்கள். கையில் நூறு வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் அறுபது, எழுபது வெள்ளி தாளுக்கே போகட்டும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), நூறு சதவீதம் பருத்தி என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான மரக்கூழ்த் தாளில் ஒரே இடத்தில் மூன்று முறை தூரிகை போனாலே மேல்பரப்பு திரிதிரியாக எழும்பி வரும், வர்ணம் ஓரத்தில் கோடு கட்டிக்கொள்ளும். நமக்குக் கை வரவில்லை என்று நினைத்து அதோடு விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம், நம் ஊர் ஈரக்காற்று. நல்ல தாளில் ஜெலட்டின் மாதிரி ஒரு பசை ஏற்றியிருப்பார்கள், அதுதான் தண்ணீரைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்தி வைக்கிறது. மாதக்கணக்கில் ஈரம் பட்டால் அந்தப் பசை அங்கங்கே செத்துவிடும். ஆயர் ஈத்தாம் வீட்டில் ஒரு கட்டுத் தாளை அலமாரியின் அடித்தட்டில் அக்டோபர் மழை முழுக்க வைத்திருந்தேன். பிறகு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தை வரையலாம் என்று எதிரே ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் பென்சிலில் ஒவ்வொரு பொம்மையாக எழுப்பி, கடைசியில் வானத்துக்கு நீலம் இழுத்தேன். துவரம்பருப்பு அளவில் புள்ளி புள்ளியாக வர்ணம் உள்ளே இறங்கிவிட்டது, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நகரவில்லை. காய்ந்திருந்தபோது அந்தத் தாளில் ஒரு குறையும் தெரியவில்லை.

அதனால் வரையும் முன் ஓரத்தில் ஒரு பட்டை வெறும் தண்ணீர் பூசி, தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே பளபளப்பாக நின்றால் சரி. அங்கங்கே மங்கிக் கறுத்தால் அதைப் பென்சிலுக்கும் குவாஷுக்கும் (கெட்டியாகப் பூசும், அடியிலுள்ளதை மறைக்கும் வர்ணம்) ஒதுக்கிவிடுங்கள். மீதித் தாளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வர்ணம் ஆறு டியூப் போதும், 36 வர்ணப் பெட்டி வேண்டாம். அலிசரின் கிரிம்சன் (டியூபில் பிஆர் 83 என்றிருக்கும்) வெளிச்சத்தில் வெளிறும், பதிலாகக் குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குங்கள். தேன் சேர்த்த வர்ணம் இங்கே பிசுபிசுவென்றே இருக்கும். எந்த வர்ணமானாலும் தட்டு நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

மைக்கு, அரக்குச் சேர்ந்த இந்தியன் இங்க். காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாது, அதன் மேல் தைரியமாக வர்ணம் பூசலாம், ஆனால் அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்துக்கொள்ளும், தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும்தான். புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவாவிட்டால் மை நிற்காது.

இந்த ஈரத்தில் வாட்டர்கலர் சரிவருமா என்று சந்தேகமே வேண்டாம். யோங் முன் சென், அப்துல்லா அரிஃப் இருவரும் 1930களில் இதே பினாங்கில் இருந்துகொண்டு வாட்டர்கலரில் வரைந்தவர்கள்தான். மழை நாளில் மட்டும் மைக்கோட்டை ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் காலையில் வர்ணம் பூசுங்கள்.