ஜெர்சி வாங்கும் முன் ஆட்டக்காரரின் வயதைப் பாருங்கள்

கேள்வி: டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். மகனுக்கு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். ஜேக்கப் டிகிராமை எடுத்த செய்தி வந்ததும் அவர் பெயர் போட்ட ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். ஆறே ஆட்டத்தில் காயம் பட்டுப் போய்விட்டார். அடுத்து மார்கஸ் செமியன் ஜெர்சி. அவரை 2025 நவம்பரில் நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் இத்தனை மில்லியன், அத்தனை மில்லியன் என்று செய்தி வருகிறது. ஐபிஎல் ஏலம் எனக்குப் புரியும், இது புரியவில்லை. எந்த ஒப்பந்தம் தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே பார்க்க வழி உண்டா?

பதில்: உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். டிகிராம் விஷயம் ஒப்பந்தம் போட்ட அன்றே ஓரளவு தெரிந்ததுதான். செமியன் விஷயத்தில் அணி ஏமாறவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். இந்தச் செய்திகளைப் படிக்கும்போது எல்லோர் கண்ணும் மொத்தத் தொகைக்குத்தான் போகும். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன். முதலில் வயது. அடுத்து, எத்தனை வருட ஒப்பந்தம். அப்புறம், கடந்த இரண்டு சீசனில் எத்தனை ஆட்டம் ஆடினார். பாதி விடை இந்த மூன்றிலேயே வந்துவிடும்.

வயது ஏன் முதலில் என்றால், அமெரிக்க பேஸ்பாலில் ஒருவர் தன்னைத் தானே விலைக்கு விட முடிவதே தாமதமாகத்தான். ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை. 2025-க்கான பெரிய ஏலத்தில் அது 120 கோடி ரூபாய். அதற்குள் 27 கோடிக்கு ரிஷப் பந்த்தை லக்னோ எடுத்தது. சரிப்படவில்லை என்றால் அடுத்த ஏலத்துக்கு முன் விட்டுவிடலாம். இங்கே கதை வேறு. இளம் ஆட்டக்காரர் தன்னை வளர்த்த அணிக்கே கட்டுப்பட்டவர். பெரிய லீக்கில் ஆறு முழு வருடம் முடித்தால்தான், எந்த அணியோடும் பேரம் பேசக்கூடிய ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆவார். அதில் 172 நாள் அணியோடு இருந்தால் ஒரு வருடக் கணக்கு. முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான், 2025-ல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருடம், சம்பளத் தகராறை நடுவர் தீர்த்துவைக்கும் முறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கல்லூரி முடித்து, சிறிய லீக்குகளில் சில வருடம் ஆடி, அதன் பிறகு இந்த ஆறு வருடம். கையெழுத்துச் சந்தைக்கு வரும்போது பலருக்கும் முப்பதை ஒட்டிய வயது. உடம்பு உச்சத்தில் இருந்த வருடங்களை முதல் அணி மலிவாக அனுபவித்துவிட்டது. வாங்கும் அணி, அவர் வேறொருவருக்கு ஆடிக்கொடுத்த ஆட்டத்தைப் பார்த்து விலை பேசுகிறது.

பேசிய பணத்தை முழுக்கக் கொடுத்தாக வேண்டும் என்பது அடுத்த சிக்கல். காயம் பட்டாலும், ஆட்டம் மறந்தாலும், அணியே வெளியே அனுப்பினாலும் தொகை உறுதி. பால்டிமோர் அணி 2016-ல் கிறிஸ் டேவிஸுக்கு 7 வருடத்துக்கு 161 மில்லியன் கொடுத்தது. 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும் அவர் தொடர்ந்து 54 முறை அடிக்க நின்று ஒரு ‘ஹிட்’கூட (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) எடுக்கவில்லை. 2021-ல் ஓய்வு பெற்றார். தள்ளிப்போட்ட தவணைகள் மட்டும் 2037 வரை போகின்றன.

சரி, இப்போது டிகிராம். 2022 டிசம்பரில் ரேஞ்சர்ஸ் அவருக்கு 5 வருடத்துக்கு 185 மில்லியன் கொடுத்தபோது அவருக்கு வயது 34. சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை 2018-லும் 2019-லும் வாங்கியவர். அவர் பந்து கையை விட்டு வரும்போது உலகில் அவருக்கு இணை யாரும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எத்தனை முறை கையை விட்டு வந்தது? முழு சீசன் ஆடும் தொடக்க பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்து வீச்சாளர், 30 ஆட்டத்துக்கு மேல் இறங்குவார். டிகிராம் 2021-ல் 15 ஆட்டம், முன்கையிலும் முழங்கையிலும் தொந்தரவு. 2022-ல் தோள்பட்டை எலும்பில் பிரச்சினை, ஆகஸ்ட் வரை ஆளே இல்லை, மொத்தம் 11 ஆட்டம். அதற்கும் முன்னால், 2010-லேயே முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை ஒருமுறை ஆகியிருந்தது. இவை எல்லாம் பத்திரிகையில் வந்தவை, ரகசியம் ஒன்றும் இல்லை. 2023-ல் 6 ஆட்டம் ஆடினார், ஆறிலும் அணி ஜெயித்தது, ஜூனில் இரண்டாவது முறையாக அதே அறுவை சிகிச்சை. 2024-ல் கடைசியில் மூன்று ஆட்டம். பிறகு 2025-ல் 37 வயதில் 30 ஆட்டம் இறங்கி, சிறப்பாக மீண்டு வந்தவருக்கான விருதும் வாங்கினார். பிட்சரின் கையை நம்பிப் பணம் போட்டால் இப்படித்தான், எந்த வருடம் பலன் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே அணி, ஒரு வருடம் முன்பு செய்ததைப் பாருங்கள். 2021-ல் ரேஞ்சர்ஸ் 102 ஆட்டம் தோற்றது. அந்தக் குளிர்காலத்தில், உள்வட்டத்தில் நின்று தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் கோரி சீகருக்கு 10 வருடம், 325 மில்லியன். செமியனுக்கு 7 வருடம், 175 மில்லியன். தொகையை மட்டும் பார்த்தால் சீகர்தான் பெரிய சூதாட்டம். ஆனால் அவருக்கு அப்போது 27 வயது! சந்தைக்கு அவ்வளவு இளமையில் வருபவர்கள் அபூர்வம். பத்து வருடத்தில் நல்ல வருடங்கள் கணிசமாக மிச்சம் இருந்தன. 2023-ல் 162-ல் 119 ஆட்டம்தான் ஆடினார், ஆனாலும் 33 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே போகும் அடி). கோப்பையை முடிவு செய்யும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் பின்தங்கி நின்றபோது அவர் அடித்த ஹோம் ரன்தான் அரிசோனாவின் கையில் இருந்த ஆட்டத்தைத் திருப்பியது. தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். அணியின் வரலாற்றில் அதுவே முதல் கோப்பை.

செமியன் 31 வயதில் வந்தவர். காயமே படாத மனிதர் என்று பெயர். 2023-ல் 162 ஆட்டமும் ஆடினார், தொடரை முடித்த ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். 2025-ல் வயது காட்டத் தொடங்கியது, அணி அவரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து பிராண்டன் நிம்மோவை வாங்கியது. என்னைக் கேட்டால் அந்த 175 மில்லியன் 2023-லேயே வசூலாகிவிட்டது. நீண்ட ஒப்பந்தத்தின் கடைசி வருடங்கள் கசக்கும் என்பது அதைப் போடும் மேலாளருக்கும் தெரியும். முதல் மூன்று, நான்கு வருடத்துக்காகத்தான் அவர் மொத்தத்தையும் கொடுக்கிறார்.

இந்த விலையில் செய்தித் தலைப்புக்கு வராத ஒரு பங்கும் உண்டு. பழைய அணி ஒரு வருட ஒப்பந்தத்தை முறைப்படி முன்வைத்து, ஆட்டக்காரர் மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால், எடுக்கும் அணி ‘டிராஃப்ட்’டில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இழக்கும். சீகர், செமியன் இருவருக்காகவும் ரேஞ்சர்ஸ் 2022 டிராஃப்டில் இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளை விட்டுக்கொடுத்தது.

வருடக் கணக்கைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, ஆனால் ‘லக்ஷரி டாக்ஸ்’ உண்டு. 2025-ல் 241 மில்லியனைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் முறை 20 சதவீதம். தொடர்ந்து மூன்றாவது வருடமும் தாண்டினால் 50 சதவீதம். இந்த வரிக்கு ஒப்பந்தத்தின் வருடச் சராசரிதான் கணக்கு. அதே பணத்தைப் பத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று வருடத்துக்குப் பரப்பினால் சராசரி குறையும். அதனால் 13 வருட ஒப்பந்தம் என்று கேட்டதும் 40 வயது வரை அவரை நம்புகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் சொன்ன மூன்றையும் பார்த்தாலும் கை சுடும். 2019-ல் வாஷிங்டன் அணி கோப்பை வென்றதும் அதன் இரண்டு நாயகர்கள் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தார்கள். பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், அடிப்பவர் ஆந்தனி ரெண்டோன். டிசம்பரில் ஒரே வாரத்தில் இருவருக்கும் 7 வருடம், 245 மில்லியன். ஸ்ட்ராஸ்பர்க்கை வாஷிங்டன் தக்கவைத்தது, ரெண்டோனை ஏஞ்சல்ஸ் எடுத்தது. ஸ்ட்ராஸ்பர்க் அதன் பிறகு ஆடியது மொத்தம் 8 ஆட்டம். அது பிட்சரின் கை என்று விடலாம். ரெண்டோனுக்கு வயது 29, முந்தைய சீசனில் 146 ஆட்டம், குறை சொல்ல எதுவும் இல்லை. ஏஞ்சல்ஸில் ஒரு சீசனில்கூட அவர் 58 ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை. 2025-ல் ஒன்றுகூட இல்லை.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம் இது: செய்தியில் ‘உடல் பரிசோதனைக்கு உட்பட்டு’ என்று இருந்தால் கடைக்குப் போகாதீர்கள். 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரியா 13 வருடம், 350 மில்லியனுக்கு சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒப்புக்கொண்டார். அறிமுகப்படுத்தும் பத்திரிகையாளர் சந்திப்பை அன்று காலையிலேயே ரத்து செய்தார்கள். 2014-ல் உடைந்து அறுவை சிகிச்சை செய்த காலை மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். உடனே மெட்ஸ் 12 வருடம், 315 மில்லியன் என்றது. அங்கேயும் அதே கால், அதே சந்தேகம். கடைசியில் மினசோட்டாவில் 6 வருடம், 200 மில்லியன். ஒரே மாதத்துக்குள் 150 மில்லியன் போயிற்று.

‘விலகும் உரிமை’ இருக்கிறதா என்றும் பாருங்கள். நன்றாக ஆடினால் ஆட்டக்காரர் போய்விடுவார், ஆடாவிட்டால் உங்களிடமே தங்குவார். பிளேக் ஸ்னெல் 2024-ல் சான் பிரான்சிஸ்கோவோடு 2 வருடம் போட்டு, ஒன்றை முடித்துவிட்டு டாட்ஜர்ஸுக்குப் போனார்.

ஆபத்து அணிக்கு மட்டும்தான் என்றும் இல்லை. டிகிராம் விழுந்த பிறகு ரேஞ்சர்ஸ் அவசரமாக வாங்கிய ஜோர்டான் மான்ட்கோமரி 2023 கோப்பைக்குப் பெரிய துணை. பெரிய ஒப்பந்தத்துக்குக் காத்திருந்தார், வரவில்லை. 2024 மார்ச் கடைசியில், ரேஞ்சர்ஸ் தோற்கடித்த அரிசோனாவிலேயே 25 மில்லியனுக்குச் சேர்ந்தார். பயிற்சி முகாமும் போச்சு, ஆட்டமும் சரியில்லை. அவரை எடுத்தது என் தப்பு என்று அணி உரிமையாளரே வெளிப்படையாகச் சொன்னார்.

இனி ஜெர்சி. டிகிராமுடையதைத் தூக்கிப் போடாதீர்கள், அவர் ஒப்பந்தம் 2027 வரை இருக்கிறது. புதிதாக வாங்குவதென்றால் ஃப்ரீ ஏஜென்ட் பெயரையே தவிர்த்துவிட்டு, அணியே தேர்ந்தெடுத்து வளர்த்த வயாட் லாங்ஃபோர்ட் பெயரை வாங்கலாம். 2024-ல் வந்தவர், அணி வேறிடம் கொடுத்தால் ஒழிய 2029 வரை எங்கும் போக முடியாது. அணிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உள்ள உடன்படிக்கை 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. போன முறை, 2021 டிசம்பரில், அது முடிந்தபோது 99 நாள் கதவடைப்பு. அதற்குள் முடித்துவிடத்தான் சீகர், செமியன் ஒப்பந்தங்களை அவ்வளவு அவசரமாகப் போட்டார்கள். அதனால் 2026 நவம்பர் கடைசியில் வரும் செய்திகளைக் கொஞ்சம் ஆறப்போட்டே படியுங்கள்.