இணைய ஏலங்களில் மாடல் ரயில் பொருட்களுக்குச் சொல்லப்படும் விலையையும் விவரத்தையும் எந்த அளவுக்கு நம்பலாம்?

பிரிட்டனின் மாடல் ரயில் நிறுவனமான ஹார்ன்பி, 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ற புகழ்பெற்ற நீராவி இன்ஜினைப் போலச் செய்த ஒரு மாடல் இணைய ஏலத்தில் வந்திருக்கிறது, அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் இருக்கும் அதன் விற்பனையாளர் கேட்கும் நாற்பதாயிரம் ரூபாயைத் தர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. '1923ஆம் ஆண்டுத் தயாரிப்பு, மிக அரிது, ஓட்டிப் பார்க்கவில்லை' என்று அவர் எழுதியிருக்கிறார். 1923 என்பது நிஜ இன்ஜின் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வெளிவந்த ஆண்டு. ஹார்ன்பி நிறுவனம் ஓஓ எனப்படும் இந்தச் சிறிய அளவில் (நிஜத்தின் 76இல் ஒரு பங்கு) ரயில்கள் செய்யத் தொடங்கியதே 1938இல்தான். மேலும், படத்தில் தெரிவதாக நீங்கள் சொல்லும் 60103 என்ற எண், 1948இல் பிரிட்டிஷ் ரயில்வே நாட்டுடைமையான பிறகு அந்த இன்ஜினுக்குத் தரப்பட்டது. ஆகவே அந்த எண்ணைத் தாங்கிய மாடல் எதுவும் 1923இல் செய்யப்பட்டிருக்க வழியில்லை. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. உறவினர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பொருளை விற்பவர்கள், இணையத்தில் தேடி முதலில் கிடைத்த ஆண்டை எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

'அரிது' என்ற சொல்லை நான் விவரத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஹார்ன்பியின் 'ஸ்மோக்கி ஜோ' என்ற சிறு இன்ஜின் பல ஆண்டுகள் தொடர்ந்து தயாரிக்கப்பட்டு, பெருமளவில் விற்பனையான ஒன்று. அதற்கும் 'அரிது' என்ற அடைமொழியோடு அறிவிப்புகள் வருகின்றன. ஒரு பொருளின் உண்மையான விலையைத் தெரிந்துகொள்ள, ஏலத் தளத்தில் 'விற்று முடிந்தவை' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, அதே மாடல் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். இப்போது பட்டியலில் நிற்கும் விலைகள், அந்த விலைக்கு யாரும் வாங்காததால் நிற்பவையாகவும் இருக்கலாம். ஒருவர் உயர்த்திச் சொன்னதைப் பார்த்து இன்னொருவரும் உயர்த்திச் சொல்வதால், விற்காத விலையே சந்தை விலை போலத் தோற்றம் கொண்டுவிடுகிறது. புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவர்கள் இதைக் கண்டு மலைத்துப் பின்வாங்குவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

'ஓட்டிப் பார்க்கவில்லை' என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இரண்டு தண்டவாள முறையில் ஓடும் இத்தகைய இன்ஜின்கள் 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் இயங்குபவை. ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் இரண்டு ஒயர்களையும் சக்கரங்களில் தொட்டாலே மோட்டார் சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தச் சிறு சோதனைகூடச் செய்யப்படாத பொருளுக்கு, ஓடாத இன்ஜினுக்குரிய விலையை மட்டுமே தர வேண்டும். ஓடாத இன்ஜின் எல்லாம் வீண் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் ட்ரை-ஆங் நிறுவனம் செய்த பழைய மோட்டார்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, கார்பன் பிரஷ்களை மாற்றினால் பெரும்பாலும் மீண்டும் ஓடும். ஆனால் 'காலப்போக்கில் ஏற்பட்ட சிறு விரிசல்' என்று குறிப்பிடப்படும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்பு இன்ஜின்களின் நிலை வேறு. அவை வார்க்கப்பட்ட துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தங்கள் கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே அரித்து, உப்பி, நாளடைவில் உதிர்ந்துபோகும். ஈரப்பதம் இதை விரைவுபடுத்துவதால், கடலோரச் சென்னையில் அத்தகைய இன்ஜினை வைத்துக் காப்பாற்றுவது மிகக் கடினம். பசை போட்டு ஒட்டுவதால் பயனில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹார்ன்பியின் சில பதிப்புகளில் மோட்டார் இன்ஜினுக்குள் இல்லை, பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டருக்குள் இருக்கிறது. டெண்டர் இல்லாத அத்தகைய இன்ஜினை 'முழுமையானது' என்று விற்பவர்கள் உண்டு. அது தானாக ஓடாது, தள்ளினால்தான் நகரும்.

அளவுகளைப் பற்றிய குழப்பம் ஏறத்தாழ எல்லா அறிவிப்புகளிலும் இருக்கிறது. பிரிட்டனின் ஓஓ 1:76 அளவு, ஐரோப்பாவின் ஹெச்ஓ 1:87 அளவு, இரண்டும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுவதால் விற்பவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். அருகருகே நிறுத்தினால் வேறுபாடு உடனே தெரியும். ஜெர்மனியின் மார்க்லின் இன்ஜினும் ஹெச்ஓதான் என்றாலும், அது தண்டவாளங்களின் நடுவில் மின்தொடர்பு கொண்ட மாற்று மின்சார முறைக்காகச் செய்யப்பட்டது. அதன் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே மின்காப்பு இல்லாததால் நம் இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகும். டிசிசி என்பது ரயில்களை டிஜிட்டல் முறையில் இயக்கும் ஏற்பாடு. 'டிசிசி ரெடி' என்றால், அதன் கட்டளைகளை வாங்கி இன்ஜினை இயக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்றைப் பொருத்துவதற்கான சாக்கெட் மட்டுமே உள்ளது என்று பொருள். டிகோடரைத் தனியாக வாங்க வேண்டும்.

'இந்திய ரயில்வே ஹெச்ஓ பெட்டி' என்று நம் நாட்டுத் தளங்களில் வருபவற்றுக்கு என்னிடம் ஓர் எளிய சோதனை உண்டு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் செய்த பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டருக்குச் சற்று அதிகம். அதை 87ஆல் வகுத்தால் சுமார் 245 மில்லிமீட்டர் வரும். விற்பவர் சொல்லும் நீளம் 180 மில்லிமீட்டராக இருந்தால், அது பொம்மையாக அழகாக இருக்கலாம், ஆனால் அளவு மாடல் அல்ல, அதற்குரிய விலையும் அதற்குக் கிடையாது. நிஜப் பெட்டியின் விகிதம் கண்ணில் பதிய வேண்டுமானால் ஐசிஎஃப் அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குக் கணக்கிடப்படும். அதற்கு மேல் ஜிஎஸ்டியும் உண்டு. எனவே ஏலத்தில் ஜெயித்த தொகையை உங்கள் செலவாக எண்ணிவிடாதீர்கள்.

1985இல் தீப்பற்றி எரிவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் வாங்கியவர்கள், பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பிறகே விலை பேசினார்கள். ஏலத்தில் நமக்கு அந்த வசதி இல்லாததால், ஏலம் கேட்பதற்கு முன் இன்ஜினின் அடிப்பகுதி, சக்கரங்கள், டெண்டரின் உட்புறம், அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சான, 'ஆர்' எழுத்தில் தொடங்கும் ஹார்ன்பி பட்டியல் எண் ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேளுங்கள். அந்த எண்ணைப் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டால் தயாரிப்புக் காலமும், பெட்டி அந்த இன்ஜினுக்கே உரியதா என்பதும் தெரிந்துவிடும். படங்கள் வந்ததும் அவற்றை இங்கே பதியுங்கள். எந்தப் பதிப்பு, என்ன விலை தரலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.