டைல்ஸா, பேஸ்மட்டமா அண்ணாச்சி?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பச்சைச் செங்கல் சுவர் அன்றைக்குத் தாக்குப்பிடித்து, வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் உட்கார்ந்துவிட்டது. பீடி சுற்றித்தான் பிழைப்பு. இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் கிடைக்கிறது. கொத்தனாரோ, "பேஸ்மட்டம் 1½ அடி போதும், மிச்சத்துக்கு முகப்பில் டைல்ஸ் ஒட்டிரலாம்" என்கிறார். கேட்கலாமா அண்ணாச்சி?
- முக்கூடல் பக்கத்து வாசகி

பதில்: டைல்ஸை மறந்துவிடுங்கள் தங்கச்சி. பேஸ்மட்டம் 3 அடிக்குக் குறையக் கூடாது. பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை இன்னும் இருந்தால், பேஸ்மட்ட உயரத்துக்கு அதற்கு ஒரு சாண் மேலே நூல் கட்டச் சொல்லுங்கள்.

இந்தத் திட்டத்து 360 சதுர அடி வீட்டுக்குக் கூடுதல் 1½ அடி என்றால், அமுங்குவதையும் சேர்த்து 7 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) சரள் பிடிக்கும். மலிவு என்று குளத்து வண்டலைக் கொட்ட விடாதீர்கள். ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அரையடி கொட்டினதும் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த அரையடி. "மொத்தமாகக் கொட்டிருவோம், மழைக்குத் தானா அமுங்கும்" என்பார்கள். பீடிச் சொளவோடு எதிரே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேலை ஒழுங்காக நடக்கும். பேஸ்மட்டத்து மேலே சுற்றிவரக் கம்பி போட்ட காங்கிரீட் பெல்ட், ஜன்னலுக்கு மேலே இன்னொன்று. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, அதையும் தாண்டித் தண்ணீர் வந்தால்? உள்ளே விட்டுவிட வேண்டியதுதான். வெளியே 3 அடித் தண்ணீர் நிற்க, உள்ளே காய்ந்து கிடந்தால், 10 அடி நீளச் சுவரை ஒன்றேகால் டன் கனம் தள்ளும். அதனால் முன்வாசலுக்கு நேரே பின்வாசல் வையுங்கள். இந்தக் கணக்கு தெரிந்த நானே அன்றைக்குக் கதவை அடைத்து, மணல் மூட்டை அடுக்கிவிட்டுக் கெட்டிக்காரனாக உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கக்கூஸ் கோப்பை வழியாக ஏறி வந்தது. அந்த நாற்றம் போகப் பொங்கல் ஆயிற்று! செப்டிக் டேங்க் போகும் குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள்.

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலில் தாமிரபரணி பெருகினால் உற்சவர் மேலக்கோயிலுக்கு ஏறிவிடுவார். கற்கோயில் முங்கிக் கிடக்கும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை. உங்கள் வீடும் அப்படித்தான் இருக்க வேண்டும். நனைந்தால் கெடாதது மட்டும் கீழே. பிளைவுட் அலமாரிக்குப் பதில் கடப்பா கல். சுவிட்ச் போர்டு 5 அடிக்கு மேலே, வயர் மேலிருந்து இறங்கி வரட்டும். பீடி இலை, தூள், பட்டா, ரேஷன் கார்டுக்கெல்லாம் காங்கிரீட்டில் ஒரு பரண். ஆள் ஏறி உட்காரும் அகலம் இருக்கட்டும். ஏணியைச் சுவரோடு சேர்த்து இரும்பில் அடித்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மர ஏணி முதல் ஆளாக வாசல் வழியாக மிதந்து போனது.