மருந்துக்கடைக்காரர் பதில்கள்: மலை ஏறும் மாத்திரை

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. வால்பாறையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் வாந்தி. போன முறை பொள்ளாச்சியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவோமின் என்ற வாந்தி மாத்திரையில் பாதி கொடுத்தேன். வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். ஊர் போனதும் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தூங்கினாள். அதுவும் அலர்ஜி மாத்திரை வகைதானாமே? வீட்டில் செட்ரிசின் இருக்கிறது, அதில் இவ்வளவு தூக்கம் வராது. அதையே கொடுத்தால் என்ன? மாமனாருக்கும் மலை ஏறினால் குமட்டும். புராஸ்டேட் தொந்தரவுக்கு மருந்து சாப்பிடுகிறார். அவருக்கும் பாதி கொடுக்கலாமா?
- வாசகி, உடுமலை

பதில்: பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை வைத்திருந்தவன் நான். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகுதான் ஓடிவருவார்கள். "அண்ணா, வாந்தி மாத்திரை ஒண்ணு, சீக்கிரம்!" கொடுப்பேன். ஆனால் அது பாதிப் பேருக்கு வீண் என்று எனக்குத் தெரியும். குமட்டல் ஆரம்பித்துவிட்டால் வயிறு தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். மாத்திரை உள்ளேயே கிடக்கும், இல்லையென்றால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். உங்கள் மகளுக்கு மருந்து பிடிப்பதற்குள் வளைவுகள் வந்துவிட்டன. பிடித்தபோது ஊரே வந்துவிட்டது. அதனால்தான் வாந்தியும் தூக்கமும் சேர்ந்து வந்தன. அடுத்த முறை உடுமலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கொடுத்துவிடுங்கள். பயணத்துக்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் என்பதுதான் கணக்கு. 5 முதல் 10 வயதுவரை பாதி மாத்திரை, அதாவது 12.5 மில்லிகிராம். ஒருமுறை டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்ரிசின் வேண்டாம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. குழந்தை மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண் 'அசையவில்லை' என்று சொல்லும், உள்காது 'சுழல்கிறோம்' என்று சொல்லும். இந்தச் சண்டை நடப்பது மூளையில். மருந்து அங்கே போனால்தான் அடங்கும். போனால் தூக்கமும் வரும். செட்ரிசின் மூளைக்குள் அதிகம் நுழையாது. தும்மலுக்கு அது நல்ல குணம், பஸ்ஸுக்கு உதவாது. அலர்ஜி மாத்திரைக்கு இந்த வேலை தெரியும் என்பதே தற்செயலாகத் தெரியவந்ததுதான். 1947-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தோல் தடிப்புக்காக டிரமமைன் என்ற அலர்ஜி மருந்தைச் சாப்பிட்ட ஒரு பெண்மணி, டிராம் வண்டியில் வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்று டாக்டரிடம் சொன்னார். அப்புறம் அதே வருடம் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பலில் கொடுத்துப் பார்த்தார்கள்.

தூக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நானே ஒருமுறை காலையில் போட்டுக்கொண்டு போய்வந்து, மாலையில் கடை திறந்தேன். 500 ரூபாய் நோட்டு கொடுத்தவருக்கு மருந்தையும் கொடுத்து, அந்த நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே நீட்டினார். மாத்திரை போட்ட நாளில் வண்டி ஓட்டக்கூடாது, மது கூடவே கூடாது. குழந்தைக்குச் சளி சிரப் கொடுத்துக்கொண்டிருந்தால் பாட்டிலோடு போய்க் கடையில் கேளுங்கள். பல சிரப்புகளில் இன்னொரு தூக்க அலர்ஜி மருந்து ஏற்கெனவே இருக்கும். 2 வயதுக்குக் கீழே இந்த மாத்திரையே ஆகாது.

மாமனாருக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். புராஸ்டேட் உள்ளவருக்கு இந்த மருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். மலைமேல் ராத்திரியில் அப்படி ஆனால் படாத பாடு. கண்ணில் பிரஷர் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அவருக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். அதுவரை முன் சீட்டு பிடித்து, எதிரே தூரத்து ரோட்டைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும். பொங்கலும் வடையும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு. மகளிடமிருந்து போனை வாங்கிவிடுங்கள். பையில் எதற்கும் இரண்டு கவர் இருக்கட்டும், ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்துவிட்டு வையுங்கள்.