ஓணம் விடுமுறைக்குப் பிறகு வராதவர்கள்: புதுமுக மாணவர் ஒருங்கிணைப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 11 ஆண்டுகள் புதுமுக மாணவர் திட்டத்தின், அதாவது முதலாண்டு மாணவர்களை வரவேற்று அவர்கள் படிப்பை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் திட்டத்தின், ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். இப்போது அந்தப் பொறுப்புக்கு வரும் இளைய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். எல்லையோரக் கல்லூரிகளிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருப்பதால் ஊரைத் தெளிவாகக் குறித்திருக்கிறேன். இந்தப் பெயர்க் குழப்பத்தில் எங்களுக்கு வர வேண்டிய தபால்கள் ஊர் சுற்றிய கதை நிறைய உண்டு.

கேள்வி (ஆந்திரச் சித்தூர்): துறையில் நான்தான் இளையவள் என்பதால் அறிமுக நிகழ்ச்சிப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதிவேடு படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேடை, மைக், பூங்கொத்து ஆகியவற்றை அலுவலக உதவியாளர் உங்களைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார். கடந்த 3 ஆண்டுகளின் முதலாண்டு வருகைப் பதிவேடுகளையும் மாற்றுச் சான்றிதழ்ப் பேரேட்டையும் கேட்டு வாங்கி, அருகருகே வைத்து, எந்த வாரத்தில் எந்தப் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தது என்று பாருங்கள்.

நான் முதன்முறை அப்படிப் பார்த்தபோது கோடுகள் இரண்டு இடங்களில் குவிந்திருந்தன. சேர்க்கையை ஒட்டிய முதல் சில வாரங்களில் போனவர்கள், பொறியியலோ நர்சிங்கோ கிடைத்து வேறிடம் சென்றவர்கள். அவர்களை வாழ்த்தி அனுப்புவதே மரியாதை. ஓணம் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களில் பலர் டி.சி.கூட வாங்கவில்லை, வராமல் மட்டும் இருந்துவிட்டார்கள். உங்கள் வேலை இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வெளியிட்ட ‘தீக்ஷாரம்ப்’ வழிகாட்டியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 3 வார அறிமுகத் திட்டமும் நல்ல தொடக்கத்தைத் தருகின்றன என்றாலும், வாசல் தோரணம் காய்ந்து உதிர்ந்த பிறகு யார் பொறுப்பு என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானேதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் எதிலும் கலந்துகொள்வதில்லை. ஆர்வமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து எங்களிடம் சேர்ந்த ஒரு மாணவி தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளைத் தவறவிட்டு வந்து நின்றாள். அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தோமே என்று மலையாளத்தில் கடிந்துகொண்டேன். அவளும் தடங்கலில்லாத மலையாளத்தில் மன்னிப்புக் கேட்டாள். ஏதோ தோன்ற, என் கைபேசியில் அந்த அறிவிப்பைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தேதி மட்டும் தெரியுது சார்” என்றாள். கடையிலும் பேருந்திலும் கேட்டுப் பேசப் பழகிய மொழியின் எழுத்து அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம், அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று முதல் ஒவ்வோர் அறிவிப்பின் கீழும் தமிழில் நான்கு வரி சேர்த்தோம். பிறகு பேருந்து நேரத்தைக் கேட்டோம். மாலை 4 மணிக்கு நாங்கள் வைத்த கூட்டங்களுக்கு யாரும் வராததற்குக் காரணம், அவர்களுடைய ஊருக்கு நேரே போகும் பேருந்து 4.10-க்குக் கிளம்பிவிடுவதுதான். கூட்டத்தை மதிய உணவு இடைவேளைக்கு மாற்றியதும் பெஞ்சு போதவில்லை. ஆர்வமில்லை என்று எழுதுவதற்கு முன், செய்தி அவர்களைச் சென்றடைந்ததா, வந்தால் வீடு திரும்ப வழி உண்டா என்ற இரண்டையும் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி (பாலக்காடு, கல்வியியல் ஆய்வாளர்): இடைநிற்றல் குறித்த அமெரிக்கக் கோட்பாடுகள் நம் கல்லூரிகளுக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். வின்சென்ட் டின்டோ 1975-இல் முன்வைத்த கருத்தின்படி, படிப்போடும் கல்லூரியின் சமூக வாழ்வோடும் ஒன்றிப்போகாத மாணவர் விலகுகிறார். விடுதி வாழ்க்கையை மையமாகக் கொண்ட கல்லூரிகளுக்கு அது சரியான கண்ணாடி. வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களைக் குறித்து ஜான் பீனும் பார்பரா மெட்ஸ்னரும் 1985-இல் எழுதியபோது, பணம், வேலை நேரம், குடும்பப் பொறுப்பு போன்ற வெளிக் காரணங்களுக்கு அதிக எடை கொடுத்தார்கள். ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு உடல்நலமில்லை என்றதும் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போய்விடும் பையனை இவர்கள் இருவரின் கட்டுரை வழியாகத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

கேள்வி (மூணாறு): வழிகாட்டி ஆசிரியர்களாக என்னைவிட 15 ஆண்டு மூத்தவர்களை நியமித்திருக்கிறார்கள். சுற்றறிக்கை அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறார்கள், வேறொன்றும் நடப்பதில்லை. அதிகாரம் இல்லாமல் எப்படி வழிநடத்துவது?

தலைமைப் பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். சுற்றறிக்கை எல்லாரையும் நோக்கிப் பேசுவதால் யாரையும் தொடுவதில்லை. “உங்கள் 30 மாணவர்களையும் கவனியுங்கள்” என்று எழுதுவதைவிட, வெள்ளிக்கிழமை தேநீர் வேளையில் அருகே போய், “டீச்சர், இந்தப் பையன் மூன்று செவ்வாய்க்கிழமையாக வரவில்லை. உங்கள் பேச்சைக் கேட்பான் போலிருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று ஒரே ஒரு பெயரைக் கொடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறக்காமல் போய், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பையன் திரும்பி வந்தால் அதைத் துறைக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். உங்கள் பெயர் அங்கே வர வேண்டாம். மூத்தவர்கள் இளையவரின் உத்தரவுக்குத்தான் முகம் சுளிக்கிறார்கள், உதவி கேட்டு வந்தவரை அவர்களில் யாரும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

முதல்வரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வாரந்தோறும் வருகை விவரத்தைப் பார்க்கும் உரிமை, கால அட்டவணையில் ஒரு மணி நேரம், அவசரமாகத் தேர்வுக் கட்டணம் கட்ட பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் கழக) நிதியில் சிறு தொகை. இந்த மூன்றும் இல்லாத ஒருங்கிணைப்பாளர் வரவேற்புரை மட்டும் நிகழ்த்த முடியும்.

கேள்வி (ஆந்திரத்தின் குப்பம்): மூத்த மாணவர்களைப் புதியவர்களோடு பழக விடலாமா? ராகிங் புகார் வந்துவிடுமோ என்று நிர்வாகம் பயப்படுகிறது.

பயம் நியாயமானது; ஆந்திரமும் தமிழ்நாடும் 1997-இலும் கேரளம் 1998-இலும் தனிச் சட்டமே இயற்றியிருக்கின்றன. ஆனால் 2009-ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகள் புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. அந்தக் குழுவுக்குள், ஆசிரியர் அறிய, பகலில், இரண்டு மூத்த மாணவர்களைச் சேர்ப்பதில் தவறில்லை. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவரைத் தேர்ந்தெடுக்காமல், முதலாண்டில் இரண்டு அரியர் வைத்துப் பின்பு மீண்டவரைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி (தமிழக-கேரள எல்லையில், கோபாலபுரம் அருகே): எல்லை தாண்டிச் சேர்ந்த பட்டியல் சாதி மாணவருக்கு உதவித்தொகை எங்கே கிடைக்கும்?

சொந்த மாநிலத்தில்தான். ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றிதழ் குடிபெயர்ந்த மாநிலத்தில் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் கூறியது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான ‘மெட்ரிக் பிந்தைய’ உதவித்தொகையையும் மாணவரின் சொந்த மாநிலமே வழங்க வேண்டும். சேர்க்கை நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஆந்திரச் சித்தூர்): இதற்கென்று பயிற்சி எங்கே கிடைக்கும்? பயிற்சி பலித்ததா என்று எப்படி அறிவது?

2023-இல் தொடங்கிய மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் கல்வித் தலைமையும் மாணவர் பன்மையும் தனித்தனிக் கருப்பொருள்களாக உள்ளன. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972-இல் முதலாண்டு மாணவருக்கான தனிப் பாடம் தொடங்கியபோது, அதை நடத்தும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பதையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். நாம் அந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறோம்.

பலனை அளக்க டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு படிகள் போதும்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. நம் பின்னூட்டப் படிவங்கள் முதல் படியிலேயே, சாப்பாடு நன்றாயிருந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. பயிற்சிக்குப் போய்வந்தவர் வராத மாணவரின் வீட்டுக்கு எத்தனை நாளில் தொலைபேசியில் அழைக்கிறார் என்று பாருங்கள். அது மூன்றாம் படி.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஆறாண்டு ஆகிவிட்டது. களைத்துவிட்டேன். எப்படி ஒப்படைப்பது?

ஜூன் மாதத்தில் கோப்பைக் கொடுத்து விலகாதீர்கள். அடுத்தவர் ஓர் ஓணம் பருவம் முழுவதும் உங்களோடு உட்காரட்டும். ஒரு நோட்டில் பேருந்து நேரங்கள், தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள்கள், வருகைக் குறைவுக்கு விலக்குக் கோரும் முறை, உதவித்தொகை விவரம் தெரிந்த அலுவலக ஊழியர் யார் என்பது ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில், உங்களால் தக்கவைக்க முடியாமல் போனவர்கள் எந்த வாரத்தில், எதனால் போனார்கள் என்பதையும் எழுதுங்கள். புதியவர் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.